ஐம்பது அடி

என்னுடைய சேவைக் காலம் முழுவதும் நான் ஆக அதிகமாகச் சொன்ன வார்த்தை 'ஐம்பது அடி' என்பதாகத்தான் இருக்கும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊரார் வாயில் 'பீ.எச்.ஐ.'யாக, கல்முனைக் கரையோரத்தில் நான் ஏறியிறங்கிய வளவுகளில் பாதிக்கு மேல் ஐம்பது அடி நீளமே இல்லாதவை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஊர்கள் எங்களுடையவை. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகும். கிணறும் குழியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். நாலைந்து முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகின்ற மணல் பூமியில் ஐம்பது அடி என்று நான் சொல்வதும், அவர்கள் தலையாட்டுவதும், பிறகு முப்பது அடியில் குழி வெட்டுவதும் வழக்கமாகிப்போன ஒன்று.

ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், அக்கரைப்பற்றுச் சந்தையில் தொடங்கிய கொவிட் கொத்தணி எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவியபோது ஒரு கடிதம் வீடு தேடி வந்தது. அதிகாரிகளும் பள்ளிவாசல்காரர்களும் சேர்ந்து அமைத்திருந்த தனிமைப்படுத்தல் வேலைகளுக்கான குழுவொன்றில் என்னைச் 'சிரேஷ்ட ஆலோசகர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். சம்பளமில்லை. ஆனாலும் அந்த வார்த்தை எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பேரப்பிள்ளை அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிய சங்கதியல்ல. நமது மூதாதையர் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் செங்கடலிலுள்ள கமரான் தீவு பலருக்கு நோய்த் தடுப்பு முகாமாக இருந்தது. உஸ்மானிய அரசு 1882 இல் அங்கே அந்த நிலையத்தைத் தொடங்கியது. இலங்கையில் இன்றும் நடைமுறையிலுள்ள தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897 ஆம் ஆண்டினுடையது. 2020 மார்ச்சில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்க அரசு முதன்முதலில் திறந்த நிலையங்களில் ஒன்று எங்கள் கிழக்கில், புணாணையிலுள்ள மட்டக்களப்புக் கெம்பஸ் கட்டடத்தில் இருந்தது. நோயுள்ளவனை ஒதுக்கி வைப்பது அவனைத் தண்டிப்பதற்கல்ல, மற்றவனைக் காப்பதற்கு என்று சனங்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொழில் பார்த்தவன் நான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்த 2020 இல் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. கொவிட் தேசிய செயற்பாட்டு மையம் இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவின் தலைமையில் இயங்கியது. மார்ச் மாத இறுதியில் வெளியான சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டல்களில் நல்லடக்கத்துக்கு இடமிருந்தது. சில நாட்களில் அது மாறியது. ஏப்ரல் 11 இல் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி வெளியிட்ட வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவரின் உடலை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அடக்கினால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இதைச் சொன்னவர்கள் நிபுணர்கள், ஆலோசகர்கள். உலக சுகாதார ஸ்தாபனமோ மார்ச் 24 ஆம் திகதியே இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தது. 2003 இல் சார்ஸ் கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான, இலங்கையில் பிறந்த பேராசிரியர் மலிக் பீரிஸ், இது தண்ணீரால் பரவும் நோயல்ல என்று பகிரங்கமாகவே சொன்னார். அது கொழும்பில் எவர் காதிலும் ஏறவில்லை.

அந்த நிலத்தடி நீர்க் கதையை வானொலியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது அந்த ஐம்பது அடிதான்.

வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் போன்றவை தண்ணீரால் வருபவை. மலத்திலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து வாய்க்கும் போகின்றவை. அதற்காகத்தான் ஐம்பது அடி. கொவிட் மூச்சால் வருவது. அதன் கிருமிக்குப் பெருக உயிருள்ள கலம் வேண்டும். மௌத்தான உடம்பில் அது பெருகாது. சரி, அப்படியே தண்ணீரால் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உயிரோடிருக்கின்ற நோயாளியின் மலத்திலும் இந்தக் கிருமியின் தடயங்கள் இருப்பதை வைத்தியர்கள் அந்த ஆண்டிலேயே கண்டிருந்தார்கள். எங்கள் கரையோர ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்தவர்களின், தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளில் அடைபட்டிருந்தவர்களின் மலசலகூடக் குழிகள் எல்லாம் இதே மணலில், இதே தண்ணீருக்கு மேலேதான் இருந்தன. அந்தக் குழிகளை மூடச் சொல்லி எவரும் வர்த்தமானி போடவில்லை. கபுறுக் குழியைத்தான் மூடச் சொன்னார்கள்.

இதைப் புரிந்துகொள்ளப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. முப்பது வருஷம் கிணறு எட்டிப் பார்த்த ஒரு பீ.எச்.ஐ.க்கு இது போதும்.

ஆனால் நான் இதைச் சொல்லவில்லை.

குழுவின் முதற் கூட்டத்தில் மேலிடத்திலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி சுற்றறிக்கையை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சேர், அனுபவமுள்ள நீங்கள் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் சந்தையில் கடைகளுக்கிடையே இடைவெளி விடுவது பற்றியும், கை கழுவுவதற்குத் தண்ணீர்த் தாங்கி வைப்பது பற்றியும் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஜனாஸா பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு ஐந்து நாட்களுக்குப் பிறகு, ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் அந்த வீடு வெடித்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்களில் அலுமாரியைத் திறந்து பழைய அரபுக் கிதாபுகளைக்கூட எண்ணிப் பார்த்துப் பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயம் வடியவில்லை. ஒரு முஸ்லிம், அதிலும் அரசாங்கப் பென்சன் வாங்குகின்ற முஸ்லிம், நிபுணர் குழு சொன்னதைப் பிழை என்றால் அது சுகாதாரமாக எடுபடாது, மதமாக எடுபடும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் 'சிரேஷ்ட ஆலோசகர்' என்ற பெயரை முதற் கூட்டத்திலேயே இழக்க நான் விரும்பவில்லை.

நிபுணர்களை நான் முற்றாகக் குறைசொல்ல முடியாதவன் என்பதும் உண்மை. 2004 டிசெம்பர் 26 இல் சுனாமி வந்தபோது நான் சேவையிலிருந்தேன். நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையெல்லாம் மையத்து. 'சீக்கிரம் அடக்குங்கள், இல்லாவிட்டால் கொள்ளை நோய் வரும்' என்று ஓடி ஓடிச் சொன்னவன் நான். முகம் பார்த்து அடையாளம் காண வந்துகொண்டிருந்த உறவினர்களைக்கூடக் காத்திருக்க விடவில்லை. விபத்திலும் வெள்ளத்திலும் இறந்த உடல்களால் கொள்ளை நோய் வருவதில்லை, அப்படி அவசரப்படத் தேவையில்லை என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். என் அவசரத்தால் எத்தனை பேர் தங்கள் பிள்ளையின் கபுறு எது என்று தெரியாமல் இருக்கிறார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பயத்தில் பிழையான ஆலோசனை சொல்வது மனிதனுக்கு வரக்கூடியதுதான். பிழை என்று காட்டிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு.

அந்த நாட்களில் மணலில் கபுறு வெட்டி வெட்டிக் கை புண்ணாகிப் போனவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக் காக்கா. தோணிக்காரர். யாரென்று தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் குழிக்குள் இறங்கி நின்று வாங்கிக் கிடத்தினார். சாயந்தரம் கடலில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்து, திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். 2020 டிசெம்பரில் அவருக்குத்தான் மூச்சுத் திணறியது.

இரவு பத்து மணியிருக்கும். மகன் வேலியோரம் வந்து நின்று கூப்பிட்டான். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஏத்து மனே. ஊட்டுல வெச்சிரிந்தா தாங்காது. அங்க ஒட்சிசன் குடுப்பாங்க."

"சாச்சா, வாப்பாவத் திருப்பித் தருவாங்களா?"

"சுகமானா ரெண்டு கிழமையில வந்திருவாரு."

"நான் அதக் கேக்கல்ல. மௌத்தாப் போனா மையத்தத் தருவாங்களா எண்டு கேக்கன்."

ஆலோசகனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. நான், "அல்லாஹ் லேசாக்குவான், மொதல்ல ஏத்து" என்றேன். அவன் என்னை நம்பி ஏற்றினான். காக்கா போகும்போது கையை உயர்த்தி எனக்கு ஸலாம் சொன்னார்.

ஆறாம் நாள் மௌத்தாகிவிட்டார். குளிப்பாட்ட விடவில்லை. கபனிட விடவில்லை. ஊரைவிட்டுத் தூரத்தில் எங்கோ கொண்டுபோய் எரித்தார்கள். மகனும் இன்னொருவரும் மட்டும் போய்த் தூரத்தில் நின்றிருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான்.

மருத்துவ ரீதியாக நான் சொன்னது சரி. வீட்டில் வைத்திருந்தால் அன்றிரவே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஜனாஸாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் எவரும் காய்ச்சல் என்று சொல்லவில்லை. இருமலைத் தலையணையில் அமுக்கினார்கள். பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் கிழவர்களைப் பின்வீட்டுக்கு மாற்றினார்கள். கொத்தமல்லியும் வெனிவேலும் அவித்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். 'நோய்க்குப் பயமில்லை, நெருப்புக்குத்தான் பயம்' என்று ஒரு மூத்தம்மா என் முகத்துக்கு நேரே சொன்னா. கிருமியைத் தடுக்க என்று போட்ட சட்டம், கிருமியை அறைக்குள் பூட்டி வளர்த்தது. தனிமைப்படுத்தல் என்பது வேலியாலும் பொலிஸாலும் மட்டும் நடக்கின்ற காரியமல்ல. எனக்குக் காய்ச்சல் என்று ஒருவன் தானாக வந்து சொல்வதிலிருந்து தொடங்குவது அது. அப்படி வந்து சொல்வதற்கு அவனுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும்.

அந்த நாட்களில் அடிக்கடி என் நினைவில் வந்தது உமர் (றழி) அவர்களின் ஸர்ஃ பயணம். ஹிஜ்ரி 18 இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியபோது கலீஃபா அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஸர்ஃ என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. அவர்கள் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் இரண்டுபட்டது. பிறகு குறைஷிகளின் மூத்தவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே வாயாகத் திரும்பச் சொன்னார்கள். திரும்புவதென்று முடிவானபோது தளபதி அபூ உபைதா (றழி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று எதிர்த்துக் கேட்டார்கள். கலீஃபா கோபித்து அவரை நீக்கிவிடவில்லை. ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று, ஒட்டகம் மேய்ப்பவனுக்கும் விளங்குகின்ற உதாரணத்தோடு விளக்கினார்கள். அதன் பின்னர்தான் வேறு வேலையாகப் போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (றழி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், நோயுள்ள ஊரிலிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டதாக அறிவித்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நமது மௌலவிமார் தனிமைப்படுத்தலுக்கு ஆதாரமாகச் சொன்னார்கள். சரிதான். எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. மூன்று கூட்டத்தாரிடம் கேட்டார்கள். எதிர்த்தவருக்கும் பதில் சொன்னார்கள். தெரிந்தவரோ, தன்னிடம் கேட்கும் வரை காத்திருக்காமல் வந்து சொன்னார். அந்தக் கடைசி இடத்தில்தான் நான் தவறினேன்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2020 டிசெம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைப் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்று எரிக்கப்பட்ட பிறகு பொரளைக் கனத்தையின் வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். டிசெம்பர் இறுதியில் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு அடக்கவும் அனுமதிக்கலாம் என்றது. புத்தாண்டு தொடங்கியதும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. பேசிய அந்த ஆலோசகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களல்லர் என்பதை நாம் நன்றியோடு எழுதி வைக்க வேண்டும். ஆனாலும் வர்த்தமானி மாறுவதற்குப் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போகும் வரை, 2021 பெப்ரவரி இறுதி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஒரு வருடத்தில் 3,600 க்கு மேற்பட்டோர் அங்கே அடங்கினார்கள்.

நான் ஒருமுறை அங்கே போனேன். மட்டக்களப்பையும் தாண்டி, வெயில் கொதிக்கின்ற காட்டு நிலம். வரிசை வரிசையாக இலக்கமிட்ட கற்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே கிடக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் சிலரின் இலக்கத்தைத் தேடி நின்று துஆக் கேட்டேன். காக்காவுக்கு அங்கே இலக்கமில்லை. சில மாதம் பிந்தி மௌத்தாகியிருந்தால் இருந்திருக்கும்.

2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோருவதற்கு அமைச்சரவை தீர்மானித்தது. தண்ணீரைச் சோதித்த ஆய்வுகளில், அடக்குவதால் அந்தக் கிருமி பரவியதற்கான சான்று கிடைக்கவில்லை என்பதும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அன்று பின்னேரம் காக்காவின் மகன் பத்திரிகையோடு வந்தான். நாலு வருஷமாக ஸலாத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தவன்.

"சாச்சா, தண்ணியச் சோதிச்சுப் பாத்தாங்களாமே. ஒண்டும் இல்லயாம்."

"எனக்கு அண்டைக்கே தெரியும் மனே" என்றேன். அதை அவனிடம் சொல்லாமல் இனியும் இருக்க என்னால் முடியவில்லை. கிணறு, குழி, ஐம்பது அடி எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் வாய் மூடி இருந்ததையும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பத்திரிகையை மடித்து மடித்துச் சிறியதாக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லிரிந்தா மாத்தியிருப்பாங்களா?"

"மாத்தியிருக்க மாட்டாங்க."

"மறுகா என்ன?" என்றான். எழுந்து போகும்போது, "ஆனா எங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும், ஒராளாவது சொன்னாங்க எண்டு" என்றான்.

அவன் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் அவன் மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினான். வாப்பாவின் வளவை இரண்டாகப் பிரித்துத்தான். மலசலகூடக் குழிக்கு இடம் பார்க்க என்னைக் கூப்பிட்டான். நாடாவின் ஒரு முனையைக் கிணற்றுக் கட்டில் அவன் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையோடு வேலி வரை நடந்தேன். முப்பத்தெட்டு அடி. மேசன் என் முகத்தைப் பார்த்தான். இந்த ஊரில் முப்பத்தெட்டு அடி என்பது நல்ல தூரம்.

"காணாது" என்றேன். "அடியும் சுவரும் கொங்கிறீட் போட்டுத் தண்ணி கசியாத தொட்டியாக் கட்டு, நெறஞ்சா பௌசரக் கூப்பிட்டு எடுக்கலாம். செலவு கூடும். இல்லாட்டி கிணத்தத் தூர்த்துப் போட்டு பைப்புத் தண்ணியோட இரி."

அவன் கணக்குப் பார்த்தான். பிறகு மேசனிடம், "சாச்சா சொல்ற மாதிரிக் கட்டுங்க" என்றான்.